சமூகப் பதற்றம்: அறிகுறிகளும் காரணங்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாலு பேர் தன்னைப் பார்க்கிறார்கள் என்ற நினைப்பு வந்ததும் நெஞ்சு படபடப்பது மனித இயல்பு. அந்தப் படபடப்பு ஒருவர் எதைப் படிப்பது, எந்த வேலைக்குப் போவது, யாரோடு பழகுவது என்பதையெல்லாம் தீர்மானிக்கத் தொடங்கிவிட்டால் அதைக் கவனித்தே ஆக வேண்டும். இந்தச் சிக்கலோடு வாழ்பவர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் பொதுவாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விளக்கங்களும் கீழே உள்ளன. தம்மைத் தாமே புரிந்துகொள்ள இவை உதவும். ஆனால், நோய் இதுதான் என்று உறுதி செய்ய வேண்டியவர் நேரில் பேசிப் பார்க்கும் மனநல மருத்துவரோ பயிற்சி பெற்ற உளவியலாளரோதான்.

சமூகப் பதற்றம் என்பது எது?

மற்றவர்கள் தம்மைக் கவனிக்கவும் எடைபோடவும் வாய்ப்புள்ள இடங்களில், தாம் ஏதேனும் தவறாகச் சொல்லிவிடுவோம், செய்துவிடுவோம், அதனால் கேலிக்கோ வெறுப்புக்கோ ஆளாவோம் என்று ஒருவருக்கு எழும் கடுமையான, விடாத அச்சமே சமூகப் பதற்றம். இத்தகையவர் மனிதர்களை வெறுப்பவர் அல்லர். பலர் நட்புக்காக ஏங்குகிறவர்கள். அந்த நட்பை அடையும் வழியில் நிற்கும் மதிப்பீட்டைத்தான் அஞ்சுகிறார்கள்.

இது புதிதாக முளைத்த நோயன்று. பிற அச்சங்களிலிருந்து இதைத் தனியாகப் பிரித்துக் காட்டிய ஆய்வை, பிரிட்டனில் பணியாற்றிய ஐசக் மார்க்ஸ், மைக்கேல் கெல்டர் என்ற இரு மனநல மருத்துவர்கள் 1966-இல் வெளியிட்டார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டில் 1980-இல் இது தனி நோயாக இடம்பெற்றது. உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு பல நாடுகளில் நடத்தப்பட்ட மனநல ஆய்வுகளின்படி, நூறு பேரில் ஏறக்குறைய 4 பேருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் இது நோய் என்று சொல்லத்தக்க அளவுக்கு இருந்திருக்கிறது. அமெரிக்காவில் மட்டும் எடுத்த கணக்கில் அது 12 பேர் வரை போகிறது. ஆகவே, "உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் இப்படி" என்று நினைப்பவர் தனியாக இல்லை என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

கூச்ச சுபாவத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

கூச்சம் ஓர் இயல்பு. கூச்ச சுபாவம் உள்ளவர் புது இடத்தில் முதல் பத்து நிமிடம் ஒதுங்கி நிற்பார், பிறகு பழகிவிடுவார். தமக்கு வேண்டியதைத் தயங்கித் தயங்கியாவது கேட்டு வாங்கிக்கொள்வார். அமைதியை விரும்புகிறவர், அதாவது கூட்டத்தைவிடத் தனிமையில் தெம்பு பெறுகிறவர், வேறு வகை. அவர் விழாவுக்குப் போகாமல் வீட்டில் இருந்தால் நிம்மதியாக இருப்பார். சமூகப் பதற்றம் உள்ளவரோ போகாமல் இருந்துவிட்டு, போயிருக்கலாமே என்று வருந்துவார்; தம்மை நொந்துகொள்வார்.

எனவே, ஒருவர் எவ்வளவு பேசுகிறார் என்பதை வைத்து முடிவு கட்டக் கூடாது. அச்சத்தினால் அவர் எதையெல்லாம் இழந்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும். விடை தெரிந்தும் வகுப்பில் கை தூக்காத மாணவி, தகுதி இருந்தும் பத்துப் பேரை வழிநடத்த வேண்டியிருக்கும் என்பதற்காகப் பதவி உயர்வை வேண்டாம் என்றவர், வலியோடு இருந்தும் வரவேற்பு மேசையில் பேசத் தயங்கி மருத்துவமனை வாசலிலிருந்து திரும்பியவர் ஆகியோரைச் சுபாவம் என்று சொல்லிக் கடந்துபோவது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

மருத்துவர்கள் எப்போது இதை நோய் என்று சொல்கிறார்கள்?

2013-இல் வெளியான அமெரிக்க வகைப்பாடு சொல்லும் அடையாளங்கள் தெளிவானவை. அச்சம் ஒரே மாதிரியான சமூகச் சூழல்களில் ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் எழ வேண்டும். உண்மையில் உள்ள ஆபத்துக்குப் பொருந்தாத அளவில் பெரியதாக இருக்க வேண்டும். அந்தச் சூழல்களை அவர் தவிர்க்க வேண்டும் அல்லது பெருந்துன்பத்தோடு சகித்துக்கொள்ள வேண்டும். பொதுவாக 6 மாதங்களுக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். வாழ்க்கையில் கணிசமான துன்பத்தையோ முடக்கத்தையோ உண்டாக்க வேண்டும். போதைப்பொருளாலோ மருந்தாலோ வேறு உடல்நோயாலோ வந்ததாக இருக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடும் பெரிதும் இதையே சொல்கிறது.

இவற்றுள் வாழ்க்கை முடங்குவதைத்தான் நான் எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுகிறேன். நேர்முகத் தேர்வுக்கு முந்தைய இரவு தூக்கம் வராதது நோயன்று. நேர்முகத் தேர்வு வைக்கும் வேலைகளுக்கு விண்ணப்பிப்பதையே நிறுத்திவிடுவது வேறு விஷயம்.

உடலில் என்னென்ன அறிகுறிகள் தோன்றும்? அவை ஏன் தோன்றுகின்றன?

நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், கை நடுங்கும், வாய் உலரும், குரல் கம்மும், வயிற்றைப் புரட்டும், முகமும் காதும் சூடேறும், தலை லேசாகச் சுற்றும், சொல்ல வந்தது மறந்து மனம் வெறுமையாகும். ஆபத்து என்று மூளை முடிவு செய்தவுடன் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. ஓடவோ எதிர்க்கவோ தேவையான தசைகளுக்கு ரத்தம் விரைகிறது. அந்நேரத்துக்குத் தேவைப்படாத செரிமானம் தணிகிறது. பாய்ந்து வரும் விலங்கைக் கண்டால் நிகழ வேண்டிய இந்த ஏற்பாடு, ஏழெட்டு முகங்கள் தம் பக்கம் திரும்பியதற்கே நிகழ்ந்துவிடுகிறது. இதயம் பழுதாகிவிட்டது என்று பயந்து பரிசோதனைக்கு மேல் பரிசோதனை செய்துகொள்பவர்களும் உண்டு.

இவற்றுள் முகம் சிவத்தல், வியர்த்தல், நடுங்குதல் ஆகிய மூன்றுக்கும் தனி இடம் உண்டு. ஏனென்றால் இவை வெளியே தெரியக்கூடியவை. அதனால் பதற்றமே அடுத்த பதற்றத்துக்குக் காரணமாகிறது. கை நடுங்குவதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று நினைக்க நினைக்க நடுக்கம் கூடும். கருத்த தோலில் முகச் சிவப்பு வெளியே அவ்வளவாகத் தெரியாது; ஆனால் உள்ளே எழும் சூடு அதேதான், அச்சமும் அதேதான்.

மனத்துக்குள் என்ன நடக்கிறது?

உடலில் தோன்றுவது சில நிமிடங்களில் அடங்கிவிடும். மனத்தில் நடப்பது நாட்கணக்கில் நீளும். ஒரு சந்திப்புக்கு முன்பும், சந்திப்பின்போதும், அதற்குப் பின்பும் அது வெவ்வேறு வேடம் போடுகிறது.

முன்பு நடப்பது ஒத்திகை. ஒரு தொலைபேசி அழைப்புக்காக என்ன பேசுவது என்று தாளில் எழுதி, அதைப் பலமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்து, எண்ணை அழுத்தும் நேரத்தில் "இப்போது வேலையாக இருப்பார்கள்" என்று தள்ளிப்போடுபவரை நினைத்துப் பாருங்கள். அவர் ஒத்திகை பார்ப்பது உரையாடலை மட்டுமன்று. தோல்வியையும் சேர்த்தே பார்க்கிறார்.

சந்திப்பின்போது கவனம் எதிரில் இருப்பவரை விட்டுத் தம் மேலேயே திரும்பிவிடுகிறது. ஒரு கூட்டத்தில் எல்லோரும் வரிசையாகத் தம் பெயரையும் பணியையும் சொல்லி வருகிறார்கள். முறை நெருங்க நெருங்க, பதற்றம் உள்ளவரின் காதில் எதுவும் விழுவதில்லை. தம் பெயரையே மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பக்கத்து நாற்காலிக்காரர் சொன்ன பெயர் அவருக்குத் தெரியாது. தம் முறை வந்ததும் குரல் சரியாக வந்ததா, முகம் எப்படி இருந்தது என்று உள்ளிருந்தபடியே தம்மை வெளியிலிருந்து பார்க்க முயல்கிறார். அப்படிப் பார்க்கும்போது கிடைக்கும் உருவம் உண்மையான உருவமன்று; தம் அச்சத்தைக் கொண்டு அவரே வரைந்துகொண்டது.

பின்பு நடப்பது விசாரணை. எல்லோரும் மறந்துபோன ஒரு வாக்கியத்தை இவர் இரவெல்லாம் தோண்டி எடுத்துப் பார்ப்பார். "ஏன் அப்படிச் சிரித்தேன்?", "அவர் ஏன் உடனே கைப்பேசியைப் பார்த்தார்?" என்று கேள்விகள் நீளும். விசாரணையின் முடிவில் தீர்ப்பு எப்போதும் இவருக்கு எதிராகவே இருக்கும். அடுத்த சந்திப்புக்கு இவர் இந்தத் தீர்ப்பைச் சுமந்துகொண்டுதான் போகிறார். ஒரு நிகழ்ச்சி முடிந்த பிறகு வரும் இந்த அசைபோடல்தான் நோயை இனங்காட்டும் நம்பகமான அடையாளங்களுள் ஒன்று என்பது என் கருத்து. ஏனென்றால் பேசும் முன் பதறுவது பலருக்கும் உண்டு, நன்றாக முடிந்த பிறகும் நாட்கணக்கில் தம்மைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எல்லோருக்கும் இல்லை.

வெளியே தெரியாத அறிகுறிகள் உண்டா?

உண்டு, அவையே அதிகம். முழுமையாக ஒதுங்கிவிடுபவரை வீட்டார் கண்டுகொள்வார்கள். கூட்டத்தில் இருந்துகொண்டே ஒளிந்துகொள்பவரைக் கண்டுபிடிப்பது கடினம். நடுக்கம் தெரியாமலிருக்கக் கோப்பையை இரு கைகளாலும் பிடித்துக்கொள்வது, கண்களைப் பார்க்காமல் கைப்பேசியைப் பார்ப்பது, வியர்வை தெரியாத நிறத்தில் மட்டும் உடுத்துவது, வாசல் அருகே இருக்கை தேடுவது, தம்மைப் பற்றிக் கேட்டுவிடாமலிருக்க எதிராளியிடம் அடுக்கடுக்காகக் கேள்வி கேட்பது, தெரிந்த ஒருவர் துணைக்கு வந்தால் மட்டும் கிளம்புவது, சீக்கிரமே வந்து எல்லோரும் கூடும் முன் கிளம்பிவிடுவது, பேசும் முன் ஒவ்வொரு வாக்கியத்தையும் மனத்தில் சரிபார்ப்பது, வேகவேகமாகப் பேசி முடித்துவிடுவது என்று இவை ஆளுக்கு ஆள் மாறும். உளவியலில் இவற்றைப் பாதுகாப்பு நடத்தைகள் என்பார்கள்.

ஒரு பழக்கம் பாதுகாப்பு நடத்தையா, சாதாரண விருப்பமா என்று பிரித்தறிய, அது இல்லாமல் அந்த இடத்தில் தம்மால் இருக்க முடியுமா என்று ஒருவர் தம்மையே கேட்டுக்கொள்ளலாம். கைப்பேசியை வெளியே வைத்துவிட்டு அரை மணி நேரம் உட்காரச் சொன்னால் சலிப்பு வருகிறதா, திகில் வருகிறதா? திகில் என்றால் அந்தக் கைப்பேசி அவருக்கு ஒரு கேடயமாக இருக்கிறது.

மேடையில் பேசப் பயப்படுவதும் இதே நோய்தானா?

சிலருக்கு அச்சம் மேடைப் பேச்சு, பாட்டு, நடிப்பு போன்றவற்றோடு நின்றுவிடும். மற்றபடி கலகலப்பாகப் பழகுவார்கள். வகைப்பாட்டில் இதற்குத் தனிக் குறிப்பு உண்டு. பெரும்பாலானோருக்கு அச்சம் பல சூழல்களில் பரவியிருக்கும்: அறிமுகமில்லாதவரிடம் பேசுவது, மேலதிகாரியிடம் மறுத்துச் சொல்வது, பிறர் பார்க்கச் சாப்பிடுவது, பிறர் பார்க்கக் கையெழுத்திடுவது, பொதுக் கழிப்பறையைப் பயன்படுத்துவது, பழுதான பொருளைத் திருப்பிக் கொடுப்பது.

நன்றாகப் பேசிப் பழகுகிறவருக்கும் இது இருக்க முடியுமா?

தாராளமாக இருக்க முடியும். ஆசிரியர்களிலும் விற்பனைப் பணியில் இருப்பவர்களிலும்கூட இது உள்ளவர்கள் உண்டு. என்ன பேச வேண்டும் என்று வரையறுக்கப்பட்ட இடத்தில் அவர்கள் சமாளித்துவிடுவார்கள். இடைவேளையில் சும்மா நின்று பேச வேண்டியபோது திணறுவார்கள். பாராட்டு கிடைத்தாலே பதறுபவர்களும் இருக்கிறார்கள். பாராட்டினால் எதிர்பார்ப்பு உயரும், அடுத்த முறை அதை எட்ட முடியாது, எல்லோருடைய கண்ணும் தம் மேல் விழும் என்பது அவர்களுடைய கணக்கு. மேலோட்டமாகப் பார்ப்பவர்கள் இதை அடக்கம் என்று மெச்சிவிடுகிறார்கள்.

எந்த வயதில் தொடங்குகிறது? குழந்தைகளிடம் எப்படி அறிவது?

பெரும்பாலும் 8 முதல் 15 வயதுக்குள் தொடங்குகிறது. அமெரிக்க ஆய்வுகளில் தொடங்கும் வயதின் நடுப்புள்ளி 13. உடல் மாறும் காலமும், சக வயதினரின் ஏற்பு உயிர்மூச்சாகத் தோன்றும் காலமும் அதுவே. நடுவயதில் முதன்முறையாகத் தோன்றினால், வேறு ஏதேனும் நோய் மறைந்திருக்கிறதா என்று மருத்துவர் கூடுதலாகப் பார்ப்பது நல்லது.

குழந்தைகள் "எனக்குப் பதற்றமாக இருக்கிறது" என்று சொல்ல மாட்டார்கள். பள்ளி நாட்களில் மட்டும் வயிற்று வலி, தலைவலி வரும். அழுகை, அடம், உறைந்து நிற்றல், பெற்றோரைப் பற்றிக்கொள்ளுதல் ஆகியவை அவர்களுடைய மொழி. எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளை வாய்மொழித் தேர்வில் மட்டும் சறுக்கினால் கவனியுங்கள். வீட்டில் ஓயாமல் பேசும் குழந்தை பள்ளியில் ஒரு சொல்கூடப் பேசாமல் இருப்பது தனியாக ஆராயப்பட வேண்டிய நிலை. சமூகப் பதற்றத்தோடு அதற்கு நெருங்கிய உறவு உண்டு. அதைத் திமிர் என்று நினைத்துத் தண்டித்தால் நிலைமை மோசமாகும். இன்னொன்றும் உண்டு: குழந்தை பெரியவர்களிடம் மட்டும் தயங்கினால் போதாது, சக வயதுப் பிள்ளைகளிடமும் அதே அச்சம் இருந்தால்தான் இதை நோயாகக் கருதுவார்கள்.

இதற்குக் காரணம் என்ன? பரம்பரையா?

ஒற்றைக் காரணம் என்று எதையும் சுட்ட முடியாது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இது இருந்தால் ஒருவருக்கு வரும் வாய்ப்பு கூடுகிறது. இரட்டையரை வைத்துச் செய்த ஆய்வுகள் மரபணுக்களுக்கு மிதமான பங்கு இருப்பதைக் காட்டுகின்றன. ஆனால், இந்த நோயையே கொண்டுவரும் ஒற்றை மரபணு என்று ஒன்றும் இல்லை. பிறவியிலேயே வருவது ஒரு வகைச் சுபாவம்தான்.

அந்தச் சுபாவத்தை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் கேகன். 4 மாதக் குழந்தைகளுக்குப் புதிய ஒலி, புதிய பொம்மை, புதிய வாசனை ஆகியவற்றைக் காட்டியபோது, ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தை கைகால்களை உதறி அழுதது. அப்படிப்பட்ட குழந்தைகளில் பலர் நடைபழகும் வயதில் புதியவர்களைக் கண்டு ஒதுங்கினார்கள். இவ்வாறு புதியதைக் கண்டு பின்வாங்கும் இயல்பு நிலைத்துவிட்ட பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் சமூகப் பதற்றம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு என்று பின்வந்த ஆய்வுகள் கூறுகின்றன. ஆயினும் அவர்களில் கணிசமானோர் எந்த நோயும் இல்லாமல் வளர்ந்துவிடுகிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அமிக்டலா எனப்படும் மூளைப்பகுதி இந்நோய் உள்ளவர்களிடம் கடுகடுத்த முகங்களைக் கண்டதும் மிகையாக வினைபுரிவதை மூளைப் படங்கள் காட்டியிருக்கின்றன. அது நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா என்பதைப் படத்தை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

சுபாவத்தின் மேல் அனுபவங்கள் படிகின்றன. பள்ளியில் தொடர்ந்து கேலிக்கு ஆளானது, வகுப்பு முழுதும் சிரிக்க அவமானப்பட்டது, வீட்டில் புறக்கணிப்போ வன்முறையோ இருந்தது, திக்குவாய், முகத் தழும்பு, உடல் பருமன் போன்ற கண்ணில் படும் வேறுபாட்டால் ஓயாமல் உற்றுப் பார்க்கப்பட்டது ஆகியவை பலருடைய கதையில் வருகின்றன. அதே சமயம், அப்படி ஒரு நிகழ்வையும் நினைவுகூர முடியாதவர்களும் நிறைய இருக்கிறார்கள். காரணம் கண்டுபிடிக்கப்படும் வரை நோயை ஏற்க முடியாது என்று அவர்கள் காத்திருக்கத் தேவையில்லை.

எங்கள் வளர்ப்புதான் தவறா என்று பெற்றோர் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

குற்றம் சாட்டுவதற்கு ஆய்வுகளில் இடமில்லை, மாற்றிக்கொள்வதற்கு இடமுண்டு. குழந்தையின் வேலையையெல்லாம் தாமே செய்துகொடுக்கும் மிகைப் பாதுகாப்பு, ஓயாத விமர்சனம், "பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்" என்ற எச்சரிக்கையைக் காலை முதல் இரவு வரை சொல்லிக்கொண்டிருப்பது ஆகியவற்றுக்கும் குழந்தையின் பதற்றத்துக்கும் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. ஆனால் இது இருவழிப் பாதை. பிறவியிலேயே அஞ்சும் குழந்தையைக் கண்டால் எந்தப் பெற்றோரும் கூடுதலாகப் பொத்திப் பொத்தி வளர்ப்பார்கள். அந்தப் பொத்துதல் அச்சத்தை வளர்க்கும். இதில் யார் தொடங்கினார்கள் என்று தேடுவது வீண். குழந்தைகள் பார்த்தும் கற்கிறார்கள்: விருந்தாளி வருகிறார் என்றதும் தாயோ தந்தையோ பரபரத்துப் பதறினால், விருந்தாளி ஆபத்தானவர் என்று குழந்தை எடுத்துக்கொள்கிறது.

தொடங்கிய காரணம் மறைந்த பிறகும் ஏன் விடாமல் தொடர்கிறது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள் என்பேன். தொடங்கிவைத்த காரணம் பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய வகுப்பறையில் இருக்கலாம். அதை இனி மாற்ற முடியாது. தொடரவைக்கும் காரணம் இன்று காலை நடந்ததில் இருக்கிறது. அதை மாற்ற முடியும்.

1995-இல் டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் ஆகிய உளவியலாளர்கள் முன்வைத்த விளக்கம் இந்தத் துறையையே திருப்பிப் போட்டது. நிஜ வாழ்க்கையில் பதற்றம் உள்ளவர் தினமும் மனிதர்களைச் சந்திக்கத்தான் செய்கிறார். பெரும்பாலும் எதுவும் விபரீதமாக நடப்பதில்லை. அப்படியானால் அச்சம் தானாகக் குறைய வேண்டுமே, ஏன் குறையவில்லை? ஒன்று, தவிர்த்துவிட்ட இடத்தில் என்ன நடந்திருக்கும் என்று அவருக்குத் தெரியவே வாய்ப்பில்லை. இரண்டு, போன இடத்தில் நல்லபடி முடிந்தாலும், "கோப்பையை இறுக்கிப் பிடித்ததால் தப்பித்தேன்" என்று வெற்றியைப் பாதுகாப்பு நடத்தையின் கணக்கில் எழுதிவிடுகிறார். மூன்று, கவனம் முழுதும் தம் மேலேயே இருந்ததால், எதிரில் இருந்தவர் இயல்பாகச் சிரித்ததையும் தலையசைத்ததையும் அவர் பார்க்கவே இல்லை. போதாததற்கு, கண்ணைத் தவிர்த்து, சுருக்கமாகப் பதில் சொல்லி, இறுகி நிற்பதால் மற்றவர்கள் இவருக்கு விருப்பமில்லை போலும் என்று விலகுகிறார்கள். அஞ்சியதை அவரே வரவழைத்துக்கொள்கிறார்.

மற்றவர்களின் கவனத்தை நாம் எவ்வளவு மிகைப்படுத்துகிறோம் என்பதை உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவில் நடத்தி 2000-இல் வெளியிட்ட சோதனை அழகாகக் காட்டியது. ஒரு மாணவருக்கு, அணிந்தாலே வெட்கப்படத்தக்க பாடகர் ஒருவரின் படம் போட்ட டி-ஷர்ட்டை அணிவித்து, மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். படத்தில் இருப்பது யார் என்று ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர். கிலோவிச்சும் கென்னத் சாவிட்ஸ்கியும் 2003-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், மேடையேறும் முன்பே "உங்கள் பதற்றம் நீங்கள் நினைக்கும் அளவுக்கு வெளியே தெரியாது" என்று காரணத்தோடு எடுத்துச் சொல்லப்பட்டவர்கள், சொல்லப்படாதவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். இந்தச் சோதனைகளில் பங்கேற்றவர்கள் நோயாளிகள் அல்லர், சாதாரண மாணவர்கள். எல்லோருக்கும் உள்ள இந்தப் பிழை பதற்றம் உள்ளவரிடம் பெரிதாகி வேர்விட்டிருக்கிறது.

வேறு எந்த நோய்களோடு இது குழம்பும்?

தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் நடுக்கம், வியர்வை, படபடப்பு வரும்; ஆனால் தனியறையிலும் வரும். பேனிக் அட்டாக் எனப்படும் பீதித் தாக்குதல் யாருமே இல்லாதபோதும், தூக்கத்திலும்கூடத் திடீரென்று வரலாம். அங்கே அச்சம் செத்துவிடுவோமோ என்பது, இங்கே அச்சம் சிறுமைப்படுவோமோ என்பது. கூட்டத்திலோ பேருந்திலோ மாட்டிக்கொண்டால் வெளியேற முடியாதே என்ற பயமும் வேறு நோய். ஆட்டிசம் உள்ளவருக்குச் சமூகக் குறிப்புகளைப் படிப்பதிலேயே சிரமம் இருக்கும். சமூகப் பதற்றம் உள்ளவர் அவற்றை அளவுக்கு மீறிப் படிப்பார். இரண்டும் ஒருவரிடமே இருப்பதும் உண்டு. மனச்சோர்வில் ஒருவர் ஒதுங்குவது ஆசையே வற்றிப்போனதால். சோர்வு விலகினால் அவர் பழையபடி கலப்பார்.

மதுவும் மனச்சோர்வும் இதோடு சேர்ந்து வருமா?

அடிக்கடி வருகின்றன. பல சமயம் சமூகப் பதற்றம் முதலில் வந்து, ஆண்டுகள் கழித்து மற்றவை தொடர்கின்றன. ஒரு மிடறு குடித்தால் நாக்கு அவிழ்கிறது என்று கண்டுகொண்டவர், பிறகு குடிக்காமல் எந்த விருந்துக்கும் போக முடியாதவராகிறார். தனிமையும் இழந்த வாய்ப்புகளும் சேர்ந்து மனச்சோர்வாகின்றன. வாழ்வதில் பொருளில்லை, செத்துவிடலாம் என்ற எண்ணம் எழுமானால் அதைப் பதற்றத்தின் ஒரு பகுதி என்று ஒதுக்கிவிடாமல், அன்றைக்கே ஒருவரிடம் சொல்லி மருத்துவ உதவியை நாட வேண்டும்.

கேள்வித்தாள்களை நிரப்பி நானே கண்டறியலாமா?

மனநல மருத்துவர் மைக்கேல் லீபோவிட்ஸ் 1987-இல் வெளியிட்ட அளவுகோல் 24 சூழல்களைச் சொல்லி, ஒவ்வொன்றிலும் எவ்வளவு அஞ்சுகிறீர்கள், எவ்வளவு தவிர்க்கிறீர்கள் என்று தனித்தனியாகக் கேட்கிறது. அச்சத்தையும் தவிர்ப்பதையும் பிரித்துக் கேட்பதால் அது பயனுள்ளது. மதிப்பெண் கூடுதலாக வந்தால் மருத்துவரைப் பார்க்க அது ஒரு காரணம். குறைவாக வந்தால், எல்லாவற்றையும் தவிர்த்தே பழகியதால் அச்சம் தெரியாமல் இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள்.

தானாகச் சரியாகிவிடுமா?

சிலருக்கு வயது ஏற ஏறத் தணியும். பலருக்குச் சிகிச்சை இல்லாமல் பல்லாண்டுகள் நீடிக்கும். அமெரிக்காவில் உதவி தேடியவர்கள்கூட, தொடங்கிப் 15 முதல் 20 ஆண்டுகள் கழித்தே தேடியிருக்கிறார்கள். இது எனக்குப் பெரும் வேதனை தரும் செய்தி, ஏனென்றால் பயன் தரும் சிகிச்சை இருக்கிறது. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அதாவது சி.பி.டி., முதலில் பரிந்துரைக்கப்படுவது; ஏறக்குறைய 4 மாதங்களில் 14, 15 அமர்வுகள். கவனத்தை வெளியே திருப்பவும், பாதுகாப்பு நடத்தைகளை ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்து என்ன நடக்கிறது என்று தாமே கண்டறியவும், தவிர்த்த இடங்களுக்குப் படிப்படியாகத் திரும்பவும் அதில் பயிற்சி உண்டு. தேவைப்பட்டால் செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்ற மருந்துகளை மருத்துவர் தருவார். அவை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், தாமாக நிறுத்தக் கூடாது.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்?

"இதற்கெல்லாமா பயப்படுவது?" என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்வியை அவர் தம்மிடமே ஆயிரம் முறை கேட்டிருப்பார். பலர் முன்னிலையில் "ஏன் பேசாமல் இருக்கிறாய்?" என்று சுட்டிக்காட்டாதீர்கள். அதே சமயம் அவருக்காக எல்லாத் தொலைபேசி அழைப்புகளையும் நீங்களே பேசிக்கொடுப்பது அன்பாகத் தோன்றினாலும் அச்சத்துக்குத் தீனி போடுவதுதான். நடுவழி ஒன்று உண்டு: பேச வேண்டியதை அவரோடு சேர்ந்து யோசியுங்கள், பக்கத்தில் உட்காருங்கள், ஆனால் பேசுவது அவராக இருக்கட்டும். அடுத்த முறை பக்கத்து அறையில் இருங்கள்.

மருத்துவரிடமே பேசப் பயமாக இருக்கிறதே, எப்படித் தொடங்குவது?

அறிமுகமில்லாத ஒருவர் முன் உட்கார்ந்து தம்மைப் பற்றிச் சொல்வதுதான் இந்நோய் உள்ளவர்களுக்கு மிகவும் கடினமானது. உதவி தாமதமாவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். ஆகவே வாயால் சொல்ல வேண்டும் என்ற கட்டாயத்தை விட்டுவிடுங்கள். ஒரு தாளில் நான்கு விஷயங்களை எழுதுங்கள்: எந்தெந்தச் சூழல்கள், எப்போது தொடங்கியது, அதற்காக எதையெல்லாம் தவிர்க்கிறீர்கள், இதனால் கடந்த ஆண்டில் எதை இழந்தீர்கள். தூக்கம், மது, உட்கொள்ளும் மருந்துகள், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் அது ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அறைக்குள் போனதும் "பேசச் சிரமமாக இருக்கிறது, எழுதிக் கொண்டு வந்திருக்கிறேன்" என்று சொல்லித் தாளை நீட்டினால் போதும். முன்பதிவை வலைதளத்திலோ குறுஞ்செய்தியிலோ செய்ய முடியுமானால் அப்படியே செய்யுங்கள். முதல் சந்திப்பில் குரல் நடுங்கினாலும், பாதியில் அழுகை வந்தாலும், கண்ணைப் பார்க்க முடியாமல் போனாலும் மருத்துவருக்கு அது இடைஞ்சல் இல்லை. அவர் அறிய வேண்டியதில் ஒரு பகுதியை அதுவே சொல்லிவிடும். அவர் காது கொடுத்துக் கேட்கவில்லை என்று தோன்றினால் வேறொருவரைப் பாருங்கள். அதே தாளை அங்கும் கொண்டுபோகலாம்.